மிகா இடம்

லேபில் ஐஸ் மெஷின் நேற்றே நின்றுவிட்டது.
மெக்கானிக் விழுப்புரத்திலிருந்து வர வேண்டுமாம்.
தெர்மோகோல் பெட்டியை ஸ்கூட்டரின் காலடியில் வைத்து
பெரிய மார்க்கெட் மீன் வரிசைக்குப் போனேன்.
"மீன் வாங்காம வெறும் ஐஸா?
எதுக்கும்மா?" என்றாள் அஞ்சலாட்சி.
செல்லுக்கு என்றேன்.
என் கைப்பேசியை ஒருமுறை பார்த்துவிட்டு
இரண்டு முறம் அள்ளிக் கொட்டினாள்.
கோரிமேடு வரும்வரை
பாதம் நனைந்துகொண்டே வந்தது.

சோதனை எளிதுதான்.
செல்லில் புதுப் புரதம் உண்டாவதை
மருந்து ஊற்றி நிறுத்த வேண்டும்.
அடுப்பை அணைத்துவிட்டு
பானையின் சூடு எவ்வளவு நேரம் தாங்குகிறது
என்று தொட்டுத் தொட்டுப் பார்ப்பது போல.
சுழியம், இருபது, நாற்பது, எண்பது.
ஒவ்வொரு மணியடிப்புக்கும்
ஒரு தட்டு ஐஸில் இறங்கும்.

நான் தேடும் புரதத்தின் பெயர் மிக்.
ஓர் அகரம் சேர்த்தால் மிக.
வளர் என்று செல்லுக்குச் சொல்வது அதன் வேலை.
சொன்னதும் போய்விட வேண்டும்,
அதுதான் மரியாதை.
நல்ல செல்லில் இருபது நிமிடத்தில் பாதியாகிவிடும்,
இங்கிருந்து பஸ் ஸ்டாண்ட் போய்ச் சேருவதற்குள்.
முதுகில் குட்டிப் புரதங்கள்
ஒன்றன்பின் ஒன்றாகச் சங்கிலி கோத்து ஒட்டும்.
ஒட்டினால் தீர்ந்தது.
பீப்பாய் போல ஒன்று வாய் திறந்து இழுத்து
நறுக்கி, மணி மணியாக வெளியே விடும்,
வேறெதற்காவது ஆகும் என்று.

வல்லினம் மிகும் இடங்களை
ஒன்பதாம் வகுப்பில் மூச்சுவிடாமல் ஒப்பித்தேன்.
மதிப்பெண் போனது மிகா இடத்தில்.

மாதிரி எண் பதினேழு.
பெயர் எழுதக் கூடாது. இங்கேயும் எழுத மாட்டேன்.
ஆனால் ஒப்புதல் படிவத்தை
அவருக்கு வாசித்துக் காட்டியவள் நான்.
ஊர், கடலூர் முதுநகர்.
தொழில்?
"ஐஸ் பிளான்ட். முப்பது வருஷமா கட்டி உடைக்கிறேன்.
எதுவும் கெட்டுப்போகாம பாத்துக்கறதுதான் பொழப்பு."
சிரித்தார். சிரிப்பு இருமலாகி, அடங்க நேரம் பிடித்தது.
"இதுல எனக்கு என்ன கெடைக்கும்?"
படிவத்தில் இருந்ததை அப்படியே வாசித்தேன்:
தங்களுக்கு நேரடிப் பலன் ஏதும் இராது.
"அப்போ சரி" என்று கையெழுத்துப் போட்டார்.
அந்த 'அப்போ சரி'
எனக்கு இன்னும் விளங்கவில்லை.

மறுநாள் இரவு படம் தெரிந்தது.
நல்ல செல்லில்
கரிக்கோடு, பாதிக் கோடு, நிழல், பிறகு வெறும் வெள்ளை.
பதினேழில் நான்கும் கறுப்பு.
எண்பது நிமிடம் கழிந்தும்
இப்போதுதான் வந்து உட்கார்ந்தது போல.

குறி ஒட்டச் சொல்லும் இடத்தில்
ஒரே ஓர் எழுத்து பிறழ்ந்திருக்கிறது.
ஒட்ட வரும் கை தடவிப் பார்க்கிறது,
பிடி கிடைக்காமல் திரும்புகிறது.
உற்பத்தி எங்கேயும் கூடவில்லை,
இரண்டு முறை சரிபார்த்தேன்.
யாரும் கூடுதலாக எதையும் செய்யவில்லை.
போக வேண்டியது போகவில்லை, அவ்வளவுதான்.
வளர் வளர் என்று
கேட்டு முடித்த செல்லிடம் சொல்லிக்கொண்டிருக்கிறது.
செல்லும் என்ன செய்யும்.
இரண்டாகிறது. நான்காகிறது.

"அழகான ரிசல்ட்" என்றார் சார்.
அழகுதான். கோடுகள் அத்தனை நேர்த்தி.

பெட்டியைக் கவிழ்த்தேன்.
உருகிய நீரில் ஒரு மீன் செதில்
தொட்டியின் துளையருகே சுற்றிச் சுற்றி வந்தது.
விரலால் தள்ளிவிட்டேன்.

மெஷின் சரியாகி மூன்று வாரமாகிறது.
இன்று சங்கரா வாங்கத்தான் போனேன்.
அஞ்சலாட்சி சம்மட்டியோடு குனிந்திருந்தாள்,
புடவைத் தலைப்பு இடுப்பில், நெற்றியெல்லாம் வேர்வை.
ஐஸ் எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன்.
"கடலூர்லேர்ந்துதான். முன்னெல்லாம் தூளா வரும்.
ஒடைக்கிற ஆளு வர்றதில்லையாம்.
இப்போ எல்லாம்
கட்டி கட்டியா வருது."